பழைய பிக்அப்பில் பெட்ரோல் பம்ப் ஓடவில்லையா? டேங்கை இறக்கும் முன் வயரிங்கைச் சோதியுங்கள்

பழைய பிக்அப் ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் வரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது பம்பில்தான். பம்ப் டேங்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க டேங்கை இறக்க வேண்டும், இல்லையென்றால் பின்பக்கச் சுமைப் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்க வேண்டும். துருப்பிடித்த பட்டைகள், உடையக் காத்திருக்கும் பெட்ரோல் குழாய்கள் என்று எதைத் தொட்டாலும் வேலை கூடும். இவ்வளவு பாடுபட்டுப் புது பம்ப் மாட்டிய பிறகும் வண்டி அசையாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. காரணம், கோளாறு பம்புக்குப் போகும் வயரில் இருந்திருக்கும்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் வந்தது, அதனால் வயரிங் சரி என்று முடிவு கட்டுவதுதான் இங்கே பெரிய பொறி. பம்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால், உள்ளே ஒரே ஒரு செம்பு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் 12 வோல்ட் காட்டும். டிஜிட்டல் மீட்டர் கரண்ட்டை ஏறக்குறைய இழுக்கவே இழுக்காது. பம்ப் 5 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இழையின் உண்மையான நிலை தெரியும். ஆகவே கீழே சொல்லும் முக்கியமான அளவுகள் எல்லாமே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பவை.

தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கொட்டும் பனிக்குளிரிலும் அது தீப்பற்றும். எனவே திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பெட்ரோல் தீயை அணைக்கக்கூடிய தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். டேங்க் பக்கத்தில் சோதனை செய்யும்போது முதலில் மீட்டர் முனைகளைப் பொருத்திவிட்டு, அப்புறம் வண்டியின் முன்பக்கத்தில் மின்சாரத்தைக் கொடுங்கள். எடுக்கும்போதும் அப்படித்தான்: முன்னால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே பின்னால் முனையைக் கழற்ற வேண்டும். பொறி பறந்தாலும் அது டேங்குக்குத் தூரத்தில் பறக்கட்டும். பெட்ரோல் எங்கேயாவது கசிந்தால் மின்சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் கசிவைச் சரி செய்யுங்கள்.

தேவைப்படுவது ஒரு டிஜிட்டல் மீட்டர், நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஜம்பர் வயர், முன்னால் இருந்து பின்னால் வரை எட்டும் நீளமான ஒரு வயர், பழைய 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்று. அந்த வண்டியின், அந்த வருடத்தின் வயரிங் படமும் கையில் இருக்க வேண்டும். வயர் நிறங்கள் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் நினைவை நம்பி வேலை செய்யாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரியை அளந்துவிடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். சோர்ந்த பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு எதுவும் நம்பத் தகாது.

கரண்ட் போகும் பாதை பெரும்பாலான வண்டிகளில் ஒரே மாதிரிதான். பேட்டரியில் இருந்து ஃபியூஸ் அல்லது ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ் மாதிரி உருகும் வயர்த் துண்டு), அங்கிருந்து ரிலேயின் (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன் ஆஃப் செய்யும் சுவிட்ச்) 30ஆம் முனை, ரிலே ஒட்டியதும் 87ஆம் முனை, பிறகு சேஸி ஓரமாகப் பின்னால் போகும் நீளமான வயர், டேங்க் கனெக்டர், பம்ப், கடைசியில் எர்த் (சேஸி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). ரிலேயை ஒட்டவைக்கும் காயில் (கம்பிச் சுருள்) 85, 86 முனைகளில் இருக்கிறது. அதை இயக்குவது எஞ்சின் கம்ப்யூட்டர். பழைய ரிலேக்கள் சிலவற்றில் இந்த எண்களே இருக்காது. அங்கே வயரிங் படம்தான் துணை.

சாவியைத் திருப்பினால் பம்ப் சத்தமே இல்லை

ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் சாவியை ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் பம்பை ஓரிரண்டு விநாடி மட்டும் ஓட்டும். எஞ்சின் சுற்றுவதாகத் தகவல் வராவிட்டால் நிறுத்திவிடும். ஆகவே ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டேங்க் பக்கம் காது வைத்துக் கேட்க வேண்டும். அந்த இரண்டு விநாடியைத் தவறவிட்டுவிட்டு பம்ப் ஓடவில்லை என்று சொல்வது எளிது.

சத்தம் இல்லையா? ஃபோர்டு பிக்அப் என்றால் முதலில் இனர்ஷியா சுவிட்சைப் பாருங்கள். விபத்தில் பம்பை நிறுத்துவதற்காக வைத்தது அது. எஃப் வரிசை பிக்அப்களில் பயணி உட்காரும் பக்கம் கால் வைக்கும் இடத்தில் இருக்கும். மேலே உள்ள பட்டன் எழும்பி நின்றால் சுவிட்ச் திறந்துகொண்டது என்று பொருள். பலமான குலுக்கலோ, கால் பட்ட அடியோ போதும். எங்கும் பெட்ரோல் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு பட்டனை அழுத்துங்கள். வேலை அதோடு முடிந்தாலும் முடியலாம்.

அடுத்தது ரிலே. அதைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 30ஆம் முனையில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் இது எப்போதும் இருக்கும், சிலவற்றில் சாவி போட்டால்தான் வரும். இல்லையென்றால் ஃபியூஸையும் ஃபியூசிபிள் லிங்கையும் பார்க்க வேண்டும். இந்த லிங்க் ஏமாற்றும்: மேல்தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு உருகிப் போயிருக்கும். இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் போய்விட்டது.

30இல் மின்சாரம் இருந்தால் ஃபியூஸ் வைத்த ஜம்பரால் 30ஐயும் 87ஐயும் இணையுங்கள். பம்ப் ஓடினால் பின்பக்க வயரும் பம்பும் அடிப்படையில் உயிரோடு இருக்கின்றன. கோளாறு ரிலேயிலோ அதை இயக்கும் பக்கத்திலோ இருக்கிறது. ஓடவில்லையென்றால் பின்பக்கம் போக வேண்டும்.

இயக்கும் பக்கத்தைச் சோதிக்க மீட்டரின் இரு முனைகளையும் 85, 86 இரண்டிலும் வைத்து, உதவியாளரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஓரிரண்டு விநாடி 12 வோல்ட் வந்து மறைந்தால் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்கிறது, ரிலேதான் குற்றவாளி. ஃபோர்டில் கம்ப்யூட்டர் காயிலுக்கு எர்த் கொடுக்கும், 1980களின் கடைசியில் இருந்து வந்த ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்அப்களில் 12 வோல்ட் கொடுக்கும். இரண்டு முனைக்கும் நடுவில் அளந்தால் எந்த வகையானாலும் தெரிந்துவிடும். இந்த இடத்தில் சாதாரண டெஸ்ட் பல்பை மாட்டாதீர்கள். அது இழுக்கும் கரண்ட் கம்ப்யூட்டரின் உள்ளே உள்ள டிரான்சிஸ்டருக்கு அதிகமாகிவிடலாம். மீட்டரே போதும்.

சாவி போட்டதும் வோல்ட் வருகிறது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது வரவில்லை என்றால் ஸ்பார்க் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க்கும் இல்லையென்றால் எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் பக்கம்தான் கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்அப் காயில் (சுற்றுவதை உணரும் சுருள்) அல்லது இக்னிஷன் மாட்யூல் கெட்டால் பம்பும் சேர்ந்தே நிற்கும். அப்போது பம்ப் வயரை எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

12 வோல்ட் வருகிறது, ஆனாலும் பம்ப் ஓடவில்லை, அல்லது சோம்பி ஓடுகிறது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மேட்டில் திணறுவது, வேகம் ஏற மறுப்பது, ஏசியும் விளக்கும் போட்டதும் எஞ்சின் இருமுவது எல்லாம் இந்த வகையில் வரலாம். பம்புக்கு 12க்குப் பதில் 10 வோல்ட்தான் போகிறதென்றால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் குறையும். ஜிஎம் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் இருக்க வேண்டிய அழுத்தமே 9 முதல் 13 பிஎஸ்ஐ வரைதான். அதில் இரண்டு மூன்று குறைந்தாலே எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓம் அளவு இங்கே உதவாது. வயரில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் முனை வயர்களே கிட்டத்தட்ட அந்த அளவு காட்டும், அதனால் அது கண்ணில் படாமல் போகும். ஆனால் 5 ஆம்பியர் ஓடும்போது அந்த அரை ஓம் 2.5 வோல்ட்டைத் தின்றுவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ரிலே சாக்கெட்டில் ஜம்பர் போட்டு பம்பை ஓடவிடுங்கள். டேங்க் கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசிமுனையை வயரோடு ஒட்டி உள்ளே செலுத்தி அளக்க வேண்டும். வயரின் தோலைக் குத்தாதீர்கள். சேஸிக்கு அடியில் குத்திய ஓட்டை வழியே தண்ணீர் புகுந்து, பிறகு அதுவே புதிய கோளாறாகும்.

முதலில் பம்பின் பாசிட்டிவ், எர்த் முனைகளுக்கு நடுவே அளங்கள். 9.8 வோல்ட் வருகிறது, பேட்டரியில் அதே நேரத்தில் 12.4 இருக்கிறது என்றால் 2.6 வோல்ட் வழியில் தொலைகிறது. எங்கே என்று தேட, நீளமான வயரின் ஒரு முனையை மீட்டரின் சிவப்போடு சேர்த்து மறுமுனையைப் பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனை பம்பின் பாசிட்டிவில் இருக்கட்டும். மீட்டர் காட்டுவது போகும் வழியில் நேரும் இழப்பு. அது 0.4 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கறுப்பைப் பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்து, சிவப்பைப் பம்பின் எர்த் வயரில் வையுங்கள். 2.2 வருகிறது. கணக்கு சரியாக இருக்கிறது: 9.8, 0.4, 2.2 மூன்றும் கூடினால் 12.4. கோளாறு எர்த்தில்தான், போகும் வயரில் கை வைக்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று எண்ணும் கூடிப் பேட்டரி அளவோடு ஒத்துப்போனால் யூகத்துக்கே இடமில்லை; ஒத்துப்போகவில்லையென்றால் நீங்கள் அளந்த இடத்தில்தான் ஏதோ தவறு.

போகும் வழியில் அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். எர்த் பக்கம் 0.2க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எந்தப் பக்கமானாலும் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். தேடுவதும் அதே முறைதான்: ஒரு முனையைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு, இன்னொரு முனையை கனெக்டர் கனெக்டராக நகர்த்துங்கள். எண் சட்டென்று குதிக்கும் இடத்தில் கோளாறு இருக்கிறது. வயரின் நடுவில் குதிப்பது அரிது. கனெக்டர், ஃபியூஸ் பிடிப்பான், முன்பு யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு, எர்த் போல்ட் ஆகிய நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் குதிக்கும்.

எர்த் போல்ட்டை வெறுமனே இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். கழற்றி, வளையத்தின் இரண்டு பக்கமும், அது உட்காரும் சேஸி இரும்பும் பளபளக்கும் வரை தேய்த்து, பிறகு மாட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். பெயின்ட்டுக்கு மேல் இறுக்கிய போல்ட் பார்க்க உறுதியாக இருக்கும், கரண்ட்டை விடாது. வயரின் முனையில் பச்சைக் களிம்பு இருந்தால் தோலைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். களிம்பு தோலுக்கு அடியில் ஏறியிருந்தால் பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது வயரை இணைக்க வேண்டும்.

ரிலேயை ஜம்பர் போட்டு விலக்கிவிட்டோம் என்பதை மறக்கக் கூடாது. அதன் உள் காண்டாக்ட் கருகியிருந்தால் மேலே சொன்ன சோதனையில் தெரியாது. ரிலேயைத் திரும்ப மாட்டி, எஞ்சின் ஓடும்போது 30க்கும் 87க்கும் நடுவே அளங்கள். 0.2க்கு மேல் வந்தால் ரிலேயை மாற்றுங்கள். ஃபோர்டின் இனர்ஷியா சுவிட்சின் இரு முனைக்கும் இதே அளவு பொருந்தும். பட்டன் அழுத்தியே இருந்தாலும் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம்.

பம்ப் சுத்தமாக ஓடவே இல்லையென்றால் பெரும்பாலும் கரண்ட் ஓடாது, ஆகவே இழப்பும் தெரியாது. அப்போதுதான் ஹெட்லைட் பல்ப். 55 வாட் பல்ப் 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் இழுக்கும், பம்ப் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டேங்க் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கக் கனெக்டரில் நீளமான வயர்களால் பல்பை மாட்டுங்கள். பல்ப் சூடேறும், அதனால் டேங்கை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். பிறகு முன்னால் மின்சாரம் கொடுங்கள். பல்ப் நன்றாக வெள்ளையாக எரிந்தால் வயரிங் தேறிவிட்டது. மஞ்சளாக மங்கினால் பல்பை பம்ப் இடத்தில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன அளவுகளை எடுங்கள்.

இன்னொரு சூட்சுமம். கனெக்டர் மாட்டியே இருக்கும்போது பம்பின் எர்த் வயரில் பேட்டரி நெகட்டிவை ஒப்பிட்டு அளந்தால் முழு 12 வோல்ட் வருகிறது, பம்ப் ஓடவில்லை என்றால் எர்த் முழுசாக அறுந்திருக்கிறது. மின்சாரம் பம்ப் வழியே வந்து வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. பம்ப் நல்லது என்பதற்கே அது ஓரளவு சாட்சி.

நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது

பழைய ஜிஎம் பிக்அப்களில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. ஆயில் பிரஷர் சுவிட்ச் ஒன்று ரிலேக்கு இணையாக பம்புக்கு மின்சாரம் கொடுக்கும். ரிலே செத்துப்போனாலும், செல்ஃப் அடிக்க அடிக்க ஆயில் பிரஷர் ஏறி, அந்த சுவிட்ச் ஒட்டி, பம்ப் ஓட ஆரம்பிக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், நன்றாகவும் ஓடும். காலையில் மட்டும் நெடுநேரம் பிடிக்கும். பலர் இதைப் பம்ப் பலவீனம் என்று நினைத்து டேங்கை இறக்குகிறார்கள். சாவி போட்டதும் இரண்டு விநாடி சத்தம் வருகிறதா என்று கேட்டாலே போதும். சத்தம் இல்லை, ஆனால் பிறகு ஸ்டார்ட் ஆகிறது என்றால் ரிலே பக்கம் பாருங்கள். சத்தம் வருகிறது, ஆனாலும் தாமதம் என்றால் அழுத்தம் இரவில் இறங்கிவிடுகிறது. அது வயரிங் சமாச்சாரம் இல்லை.

ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்டதும் அணைகிறது

செல்ஃப் அடிக்கும்போது ஒரு பாதையிலும் ஓடும்போது வேறு பாதையிலும் மின்சாரம் வரும் வண்டிகளில் இது நடக்கும். 22ஆர்-ஈ எஞ்சின் வைத்த டொயோட்டா பிக்அப் நல்ல உதாரணம். செல்ஃப் அடிக்கையில் சர்க்யூட் ஓப்பனிங் ரிலேயை ஸ்டார்ட்டர் சிக்னல் இழுத்துப் பிடிக்கும். ஓட ஆரம்பித்ததும் காற்று அளவு மீட்டருக்குள் இருக்கும் தகடு நகர்ந்து, ஒரு சிறு காண்டாக்ட் மூடி, அது ரிலேயைப் பிடித்துக்கொள்ளும். அந்த காண்டாக்ட் அழுக்கானாலோ, மீட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் கிழிந்து காற்று அந்த வழியே புகுந்தாலோ, எஞ்சின் பிடித்த மறுகணமே அணையும். சோதிக்க எளிது: பானட்டுக்கு அடியில் உள்ள சோதனைக் கனெக்டரில் +பி, எஃப்பி என்ற இரு முனைகளை ஜம்பரால் இணைத்து சாவியை ஆன் செய்தால் பம்ப் தொடர்ந்து ஓடும். அப்படிச் செய்து எஞ்சின் அணையாமல் நின்றால் பம்பும் அதன் வயரும் நல்லவை. தேடலை மேலே, காற்றுக் குழாய் பக்கம் திருப்புங்கள்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

வண்டி நிற்கும் அந்த நேரத்தில் அளக்க வேண்டும், வீட்டுக்கு இழுத்து வந்து ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பம்பின் பாசிட்டிவ் வயரில் இருந்து ஒரு நீள வயரை, ஓரத்தில் சிறு ஃபியூஸ் வைத்து, ஓட்டுநர் இருக்கை வரை இழுத்து மீட்டரை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் இரும ஆரம்பிக்கும்போது வோல்ட்டும் சரிந்தால் ரிலே, கனெக்டர், இக்னிஷன் சுவிட்ச் இவற்றில் ஒன்று. வோல்ட் அப்படியே நிற்க எஞ்சின் மட்டும் அணைந்தால் எர்த் அல்லது பம்ப். நின்ற இடத்தில் டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் பம்ப் உயிர் பெற்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் வயரைத் தேட வேண்டியதில்லை.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். அடுத்து எரிவது டேங்குக்கு மேலே போகும் வயர். ஃபியூஸ் இடத்தில் அந்த ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள். டேங்க் கனெக்டரைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுக்கும்போது பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் வயர் எங்கோ சேஸியைத் தொடுகிறது. பல்ப் எரிந்துகொண்டிருக்க, வயரைப் பகுதி பகுதியாக அசைத்துப் போங்கள். பல்ப் சிமிட்டும் இடம்தான் அது. சேஸிச் சட்டத்தின் ஓட்டை வழியே நுழையும் இடம், புகைக்குழாய் அருகே வளையும் இடம், டேங்குக்கும் சுமைப் பெட்டிக்கும் நடுவே நசுங்கும் இடம் மூன்றையும் முதலில் பாருங்கள். கனெக்டரைக் கழற்றியதும் பல்ப் அணைந்தால் வயர் நல்லது, பம்ப் இறுகிப்போய் அதிக கரண்ட் இழுக்கிறது. அடைத்துப்போன ஃபில்டரும் பம்பை இப்படித் திணறவைக்கும், அதையும் மாற்றுங்கள்.

சாவியை எடுத்த பிறகும் பம்ப் ஓடுகிறது

ரிலேயைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் உள்ளே காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டது. நிற்கவில்லையென்றால் ஜிஎம் வண்டியில் ஆயில் பிரஷர் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கனெக்டரைக் கழற்றினால் நிற்கும். கெட்டுப்போனதை மாற்றும் வரை பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள்.

இரண்டு டேங்க் உள்ள பிக்அப்

ஒரு டேங்கில் ஓடி இன்னொன்றில் ஓடாவிட்டால் ரிலேயும் ஃபியூஸும் நல்லவை என்று உடனே தெரிந்துவிடுகிறது. டேங்க் மாற்றும் சுவிட்சில் இருந்து பின்னால் மட்டும் பார்த்தால் போதும். 1980களின் பின்பாதியில் வந்த ஃபோர்டு எஃப் வரிசையில் டேங்குக்குள் ஒரு சிறு பம்பும், சேஸியில் ஒரு உயர் அழுத்தப் பம்பும் இருக்கும். சேஸி பம்பின் சத்தம் பலமாகக் கேட்பதால் டேங்குக்குள் இருப்பது செத்துக்கிடப்பது காதுக்குத் தெரியாது. இரண்டின் கனெக்டரிலும் தனித்தனியாக அளங்கள்.

எல்லாம் சோதித்து, கனெக்டரில் பல்ப் வெள்ளையாக எரிந்து, இழப்பும் அளவுக்குள் இருந்து, அப்போதும் பம்ப் அசையவில்லை என்றால் டேங்கை இறக்குங்கள். இறக்கியதும் பழைய கனெக்டரின் முனைகளைப் பாருங்கள்: பிளாஸ்டிக் பழுத்து, துளை ஒன்று உருகி அகன்றிருந்தால் புது பம்பை அதில் மாட்டாதீர்கள். புது கனெக்டரை வயரோடு சேர்த்து வைத்து, ஒட்டை நன்றாக நசுக்கிப் பிடிக்கும் ஸ்லீவால் இணைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயால் மூடி, டேங்கை ஏற்றும் முன்பே பம்பை ஒரு விநாடி ஓடவிட்டுச் சத்தம் கேளுங்கள். டேங்கில் பெட்ரோல் இல்லாமல் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.